பெர்கோலாவுக்கு ஒரு கன்னிக்கால்

கனடாவில் இருக்கும் என் தம்பிக்கு எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பெர்கோலா வேண்டுமாம். வட்சப்பில் படம் அனுப்பினான். நான்கு தூண், மேலே வரிசையாகச் சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே வானம். கூரை எங்கே என்று கேட்டேன். அதுதான் கூரை என்றான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மணல் சுட்டுக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்த மன்னார்ப் பிள்ளையான அவன் சொல்கிற கதை இது. நிழலுக்கென்று கட்டிவிட்டு அதில் பாதியை ஓட்டையாக விடுகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எங்கள் வீடு நறுவிலிக்குளம் பக்கம், வயலை ஒட்டியது. இருப்பது நானும் அம்மாவும்தான். பின்பக்கச் சீமெந்துத் தரையில் பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வெயில் தணியும்வரை அங்கே கால் வைக்க முடியாது. நாலு தகரம் போட்டால் போதும் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். தகரம் அசிங்கமாம். அவன் ஆடி ஆவணியில் வந்து நிற்கும் கொஞ்ச நாளைக்கு, மனைவியோடு கதிரை போட்டிருந்து இறைச்சி சுட, பெர்கோலாதான் வடிவாம். அந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றுக்கு நெருப்பும் நிற்காது, தட்டும் நிற்காது. இறைச்சியோடு சேர்த்து மண்ணையும் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீடு யாருக்கு என்ற கேள்வி இல்லாதிருந்தால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பேன். எங்கள் ஆட்களில் வீடு பெண்பிள்ளைக்கு. என் கலியாணத்தோடு நொத்தாரிசிடம் போய்ச் சீதனமாக எழுதித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். கலியாணமும் நடக்கவில்லை, அப்பாவும் போய்விட்டார், வீட்டு உறுதிப் பத்திரம் அம்மாவின் பேரிலேயே கிடக்கிறது. எனக்கு வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. கட்டாதவளுக்கு எதற்கு வீடு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தம்பியின் பேச்சில் 'எங்கட வளவு' போய் 'என்ர வளவு' வந்திருந்தது. பெர்கோலாவைப் பார்க்க என் அறைச் சுவரை இடித்துப் பெரிய கண்ணாடிக் கதவு வைக்கலாம் என்றும் ஒருநாள் சொன்னான். நான் எங்கே படுப்பது என்று கேட்டேன். அம்மாவோடு படுக்கலாமே என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ, பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருந்தும் வீட்டைப் பற்றி யோசிக்கிறான் என்று பூரித்துப்போயிருந்தார்.

மேசன் முதல் தூணை ஊன்ற வந்தபோது அம்மா ஐயரிடம் நல்ல நேரம் கேட்டு வைத்திருந்தார். வளவில் கால் நடுவதென்றால் சும்மா நடக்கூடாதாம். குழிக்குள் நவதானியம் போட்டுப் பால் ஊற்றினார். தூண் நின்றதும் அதில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிக் குங்குமம் வைத்தார். கலியாண வீட்டில் பந்தலுக்கு முதல் நடுகிற கன்னிக்காலுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவிழ்க்கச் சொன்னேன். மங்கலமாகக் கட்டியதை அவிழ்க்கக்கூடாது என்று மறித்துவிட்டார்.

வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி உடனே ஓடி வந்து மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டாள். இது நிழலுக்கு என்றேன். அவள் மேலே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. இத்தனை வருடம் என்னைக் கண்டால் பெருமூச்சு விட்டவர்கள், நல்ல காரியங்களில் என்னைப் பின்வரிசையில் இருத்தியவர்கள், பலகாரத்தோடு வந்து என் கன்னத்தைத் தடவினார்கள். ஒரு துண்டு மஞ்சள் துணிக்கு இருக்கிற மரியாதை இருபது வருடம் படிப்பித்தவளுக்கு இல்லை. அவர்கள் கொண்டுவந்த அரியதரத்தைப் பின்னேரம் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

செய்தி கடல் கடக்க அதிக நாள் எடுக்கவில்லை. தம்பி அழைத்தான். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கலியாணமாம். உண்மையோ?"

"சனம் அப்பிடித்தான் சொல்லுது," என்றேன்.

மாப்பிள்ளை யார், என்ன செய்கிறார், நல்ல மனிதரோ என்று ஒரு தம்பி கேட்கக்கூடியவை எவ்வளவோ இருந்தன. அவனை எவ்வளவுதான் இளக்காரமாக நினைத்தாலும், அதில் ஒன்றையாவது கேட்பான் என்று காத்திருந்தேன். அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

"அப்ப வீட்டை உங்களுக்கு எழுத வேணுமோ?" என்றான்.

அவனே தொடர்ந்தான்.

"அப்பிடியெண்டால் மேசனை இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்கோ. மிச்ச வேலை வேண்டாம்."

எனக்கு முன்னால் அம்மா கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தார். கலியாணம் ஒன்றும் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

"ஆரைக் கட்டுறாய் எண்டுகூட அவன் கேக்கேல்லை," என்றார். பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து வீட்டு உறுதியை வெளியே எடுத்தார். "நாளைக்கு வெள்ளன வெளிக்கிடு பிள்ளை. நொத்தாரிசிட்டப் போவம்."