வீட்டுக்கு ஒரு ஃபர்ஸ்ட் குரூப்

இராஜபாளையத்தில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பையனிடம், என்ன படிக்கப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. "ஃபர்ஸ்ட் குரூப்தானலே?" என்றுதான் கேட்பார்கள். நானும் தலையாட்டி வைத்தேன். பிளஸ் ஒன் முழுவதும் இயற்பியலும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே கழித்தோம். எப்படியோ தேறினேன். அதில் என்னைவிட இயற்பியல் ஆசிரியருக்குத்தான் ஆச்சரியம் அதிகம்.

தேறிய கையோடு, பிளஸ் டூவை காமர்ஸ் குரூப்பில் படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அடி விழும் என்று பார்த்தால் அப்பா சிரித்தார். நூற்பாலையில் ஃபிட்டர் அவர். உலகத்தில் எது நடந்தாலும் மில்லில் அதற்கொரு முன்மாதிரி வைத்திருப்பார்.

"என்னைய கார்டிங்ல இருந்து ஸ்பின்னிங்குக்கு மாத்துனாங்க. சர்வீஸ் அத்துப்போச்சா? அம்புட்டும் சேந்துதான வருது. இவனும் டிபார்ட்மென்டு மாறுதான், அவ்வளவுதான்."

இதே விளக்கத்தைத் தலைமையாசிரியரிடமும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கவுண்டன்சி தொடாத பையன் பிளஸ் டூவில் உட்கார முடியாது, மறுபடியும் பிளஸ் ஒன்னிலிருந்துதான் என்றார்.

"தமிழும் இங்கிலீஷும் ரெண்டு குரூப்புக்கும் ஒன்னுதான சார்? அதை முடிச்சிட்டான்ல. அதையாவது கழிச்சிக்கிடுங்க."

"கழிக்கதுக்கு இது என்ன நம்மூரு பேண்டேஜ் துணி பில்லாய்யா?"

எனக்கு ஒரு வருடம் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என் தங்கை அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். ஆடிட்டர் ஆவேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் சேரப்போவதும் அதே பள்ளி, அதே காமர்ஸ் குரூப். எங்கள் பள்ளியில் அந்தக் குரூப்புக்கு ஒரே வகுப்புதான். தங்கையோடு ஒரே வகுப்பில் உட்காருவதைவிட இயற்பியலிடமே திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே கூசியது.

அவளுக்கோ கொண்டாட்டம். "பயப்படாதண்ணே, பரிச்சைக்கு எம் பேப்பரக் காட்டுதேன்" என்றாள்.

அப்பா விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிடுவோம் என்று என்னையும் பஸ் ஏற்றினார். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதாம். அந்த ஊருக்கே பால்கோவா வாங்கிப் போக முடியாது என்பதால் ஒரு பை நிறைய எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம். அதிகாரி கார்டிங், ஸ்பின்னிங் கதையை முழுதாகக் கேட்டார். பழத்தைப் பார்த்து, "எனக்கு சுகருங்க" என்றார். விதி என்னவோ தலைமையாசிரியர் சொன்னதுதான். மாம்பழங்கள் எங்களோடே திரும்பி வந்தன.

வீட்டில் நான்கு நாள் பஞ்சாயத்து. அண்ணனும் தங்கையும் ஒரே வகுப்பில் இருந்தால் ஊர் சிரிக்கும் என்றார் பெரியப்பா. வீட்டில் ஒரு ஃபர்ஸ்ட் குரூப்பாவது இருக்க வேண்டாமா என்றாள் அத்தை. அந்த இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து இருப்பதை அப்பா கண்டுபிடித்ததை, சேர்க்கை நாளன்று தலைமையாசிரியரின் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் நானும் தங்கையும் அறிந்தோம்.

"சார், பயல காமர்ஸ்ல மறுபடி பிளஸ் ஒன் போட்டுருங்க. இவன் விட்ட ஃபர்ஸ்ட் குரூப்ல பொம்பளப் பிள்ளைய சேத்துக்கிடுங்க."

இரண்டு பாடத்தைக்கூடக் கழிக்க முடியாது என்று சட்டம் பேசியவர், "அதுக்கென்ன, நல்ல மார்க்குதான்" என்று உடனே எழுதிவிட்டார். தங்கை அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே வகுப்பில் உட்கார வேண்டாம் என்ற நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. அது வந்ததற்காக இன்றும் என் மேல் எனக்கு எரிச்சல் உண்டு.

அன்று சாயங்காலம் என் இயற்பியல், வேதியியல் புத்தகங்களை அம்மா தங்கையின் மேசைக்கு மாற்றினாள். எல்லாம் புத்தம் புதிதாகத்தான் இருந்தன. தங்கை ஒன்றை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

"அண்ணே, நீ ஒரு வருசம் படிச்சதாவது எங் கணக்குல சேருமா?"