இரைச்சல் பெட்டியும் ஈஸ்வரபாண்டியும்

2007 ஜூலை 14, சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மேற்குக் காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. மலைப் பக்கம் மேகம் தாழ இறங்கியிருந்தும் உத்தமபாளையத்தில் ஒரு துளி விழவில்லை.

ஈஸ்வரபாண்டி நீளமான திருப்புளியின் நுனியைக் கணினிப் பெட்டியின் தகரத்தில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்களை மூடியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி வீட்டிலிருந்த மின்விசிறிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்தன. அடுப்படியில் குக்கர்கூட இறக்கி வைக்கப்பட்டிருந்தது. "ரெண்டு நிமிசம் யாரும் பேசப்படாது" என்றார். பேச நினைத்திருந்தவரும் அவர் ஒருவரே.

கோம்பையிலிருந்து மொபெட்டில் வருகிறவர் அவர். வயது நாற்பத்திரண்டு. தோட்டத்து மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர், ஆறு ஆண்டுகளாக வீடுகளுக்குக் கணினி பூட்டித் தருகிறார். மதுரையில் உதிரிப் பாகங்களை வாங்கினால், பேருந்தில் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். நாற்காலியில் அமர்ந்து வேலை செய்ய மாட்டார். சம்மணமிட்டுத் தரையில் அமர்ந்தால்தான் கை நிதானப்படும் என்பார். அவருடைய சட்டைப் பையில் கண்சொட்டு மருந்துக் குப்பி ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே இருப்பது தையல் இயந்திர எண்ணெய். ஒருமுறை தூசி விழுந்த கண்ணில் அதையே விட்டுக்கொள்ளப் போனதாக அவரே சொல்லிச் சிரிப்பார்.

விசிறிகளின் சத்தத்தை அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார். எண்ணெய் வற்றினால் எழுவது சீழ்க்கை. திருகு தளர்ந்தால் எழுவது தகரம். விசிறி திணறினால் எழுவது உறுமல். "மொத ரெண்டும் பிள்ளைக சேட்டை மாதிரி, அதட்டுனா அடங்கிரும். உறுமல் இருக்கு பாருங்க சார், அது எங்கூரு கோம்பை நாய் கணக்கா. காரணமில்லாம உறுமாது" என்று எனக்கு விளக்கினார். எந்த விசிறி என்று அறிய, ஓடும் விசிறியின் நடுக்குமிழை விரல் நுனியால் மெல்ல அழுத்தி ஒரு நொடி நிறுத்துவார். எது நின்றதும் சத்தம் தணிகிறதோ, அதுவே குற்றவாளி. எண்ணெய் விட்ட விசிறியின் மீது அன்றைய தேதியைப் பேனாவால் எழுதி வைப்பார்.

அன்று அவர் வந்திருந்தது ரஹ்மத்தின் வீட்டிற்கு. ரஹ்மத்தின் மகள் ஷர்மின் பிளஸ் ஒன் படிக்கிறாள். பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. தாய் ரஹ்மத் பாடங்களை வாய்விட்டு வாசித்துக் கணினியில் பதிந்து, குறுந்தகட்டில் ஏற்றிக் கொடுப்பார். தாய் அலுவலகத்திலிருந்து வந்துசேராத மாலைப்பொழுதிலும் மகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் படிப்பாள். வரலாற்றுப் பாடங்களை வாசிப்பதற்கு ஏற்ப, அவளுடைய ஆசிரியனான நான் பகுத்துக் கொடுத்து வந்தேன். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு விசிறி கெடுத்தது. ஆனி மாதம் பிறந்ததிலிருந்து, எந்தப் பதிவைக் கேட்டாலும் ரஹ்மத்தின் குரலுக்கு மேல் ஓர் உறுமல் படர்ந்திருந்தது. பெயர்களும் ஆண்டுகளும் அதில் மூழ்கின. காலாண்டுத் தேர்வில் பிள்ளை பின்தங்கினால் மதுரையில் விடுதியுள்ள பள்ளியில் சேர்த்துவிடுவதென்று அவளுடைய தந்தை முடிவு செய்திருந்தார். ஷர்மினுக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

ஈஸ்வரபாண்டி வருவது இது மூன்றாம் முறை. முதல் முறை எண்ணெய் விட்டார். சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கி, விசிறிக்கும் தகரத்திற்கும் நடுவே வைத்துத் திருகினார். சீழ்க்கையும் தகரமும் ஒழிந்தன. உறுமல் மட்டும் போகவில்லை. இரண்டாம் முறை, பன்னிரண்டு வோல்ட்டில் ஓட வேண்டிய விசிறிகளுக்கு ஐந்து வோல்ட் மட்டும் கிடைக்கும்படி கம்பிகளை மாற்றிவிட்டுப் போனார். வீடு அமைதியாயிற்று. மறுநாள் ரஹ்மத் ஒரு பாடத்தை இருபத்தேழு நிமிடங்கள் வாசித்து முடிக்கும் தறுவாயில், வெப்பம் தாளாமல் கணினி தானாகவே அணைந்துவிட்டது. வாசித்ததில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

ஆகவே இம்முறை ஷர்மின் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒங்க பெட்டி கத்துறதுக்கு நான் ஊரவிட்டுப் போகணுமா?"

"எவன் சொன்னான்?"

"எங்க அத்தாதேன் சொன்னாக."

"அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அத்தாகிட்டப் பேச வேணாம். பெட்டிகிட்டப் பேசுங்க."

அவர் உள்ளே வந்து தரையில் சம்மணமிட்டார். ஐந்து வோல்ட்டை ஏழாக உயர்த்தினார். உறுமல் திரும்பி வந்தது. திருப்புளியால் கேட்டு, விரலால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில், பெட்டியின் முதுகிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ளும் விசிறிதான் குற்றவாளி என்று உறுதியாயிற்று. அதைக் கழற்றிவிட்டுப் புதியது பூட்டிவிடலாமென்று கணினியை அணைக்கச் சொன்னார். ரஹ்மத் அணைத்தார். மற்ற மூன்று விசிறிகளும் நின்றன. முதுகு விசிறி சற்றுத் தயங்கியது. பிறகு மீண்டும் சுழலத் தொடங்கியது.

ஈஸ்வரபாண்டி சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினார். அப்போதும் அது சுழன்றது. குனிந்து பார்த்தவர், "சார், இங்கன பாருங்க. தலைகீழா சுத்துது" என்றார்.

அதன் பிறகே அவர் தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பெட்டியின் முதுகுக்கு இரண்டு சாண் தொலைவில், மேற்குச் சுவரில் சிமெண்டு ஜாலி. சாத்துவதற்குக் கதவில்லாத அந்தத் துளைகளின் வழியே பள்ளத்தாக்கின் காற்று முழு வேகத்தில் விசிறியின் மீது மோதிக்கொண்டிருந்தது. கட்டிலோ தொட்டிலோ மாட்டுக்கொட்டிலோ, குளிர வேண்டிய எதையும் மேற்குக் காற்றுக்கு நேராக வைப்பதே எங்கள் பக்கத்து வழக்கம். கணினியையும் அவ்வாறே வைத்திருந்தார்கள். உள்ளிருந்து வெளியே ஊத வேண்டிய விசிறி, ஆனி பிறந்தது முதல் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, பெட்டிய இங்கன வைக்கச் சொன்னது யாரு?"

ரஹ்மத் தயங்கினார். "நீங்கதேண்ணே."

"நானா?"

"நீங்களேதேன். நம்மூர்க் காத்து முதுகுல பட்டாப் போதும், பெட்டிக்குச் சூடே ஏறாதுன்னு சொன்னீகள்ல."

ஷர்மின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஈஸ்வரபாண்டி சிரிக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியைத் தரையில் வைத்தார். "சின்னமனூர் வரைக்கும் பதினோரு வீட்டுல இப்படித்தேன் வச்சுக் குடுத்திருக்கேன் சார்" என்றார். பிறகு, "விசிறியக் கொற சொன்னேன். கம்பியக் கொற சொன்னேன். தப்பு நாந்தேன்" என்றார். தம் தவற்றை இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்டவர்களை நான் மிகுதியாகக் கண்டதில்லை.

கம்பிகளின் நீளம் போதாததால் மேசையையே திருப்ப வேண்டியிருந்தது. நானும் ஒரு காலைப் பிடித்தேன். இப்போது பெட்டியின் முகம் காற்றைப் பார்த்தது. முதுகு அறையின் பக்கம் திரும்பியது. வெளிக்காற்று முன்புறமாக நுழைந்து, விசிறி தள்ளும் திசையிலேயே பின்புறமாக வெளியேறும். விசிறிகளை ஏழு வோல்ட்டிலேயே விட்டார். சென்ற முறை பட்ட பாட்டை மறவாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, திரையில் தெரிந்த வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரஹ்மத் கொடுத்த தேநீர் ஆறிப்போனது. அளவு நாற்பத்தாறு டிகிரிக்கு மேல் ஏறவில்லை.

"வாசிங்க தங்கச்சி" என்றார்.

ரஹ்மத் ஒலிவாங்கியை அருகில் இழுத்து, பாடத்தின் முதற்பக்கத்தை வாசித்துப் பதிந்தார். ஷர்மின் மேசையோரம் முக்காலியில் அமர்ந்து முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். பதிந்ததை ஒலிக்கவிடும் பொத்தானை ரஹ்மத் அழுத்தினார். வாசிக்குமுன் அவர் மூச்சு இழுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் ஒலிபெருக்கியிலிருந்து எதுவும் வரவில்லை. மேசையிலிருந்தும் எதுவும் கேட்கவில்லை. ஷர்மினின் முகம் மாறியது.

"கரண்டு போயிருச்சா மாமா?"

ஈஸ்வரபாண்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, பெட்டியின் பின்புறம் கொண்டுபோய், இளஞ்சூடான காற்று வெளிவரும் இடத்தில் விரித்துப் பிடித்தார்.

"இல்ல ஆத்தா, ஓடுது."