பின் கதவின் கைப்பிடி

அந்தச் சின்ன இங்கிலீஷ் காரின் பின் கதவில், உள்பக்கம், வளைந்த வெள்ளிநிறக் கைப்பிடி ஒன்று இருந்தது. சிறுமியாக இருந்தபோது நான் அதைத் தொட்டதே இல்லை. தொட வேண்டிய தேவை வந்ததில்லை.

அப்பா ஒரு துரையிடம் டிரைவராக இருந்தார். துரை ஊருக்குத் திரும்பியபோது பழைய காரை அப்பாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். கார் சொந்தமான பிறகும் அப்பாவின் பழக்கம் மாறவில்லை. அம்மாவையும் என்னையும் பின்னால்தான் உட்கார வைப்பார். இடம் வந்ததும் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிடுவார். சிராங்கூன் ரோட்டுத் தேநீர்க் கடைக்காரர் கேலி செய்வார்.

"என்ன டிரைவரே, இன்னிக்கு எந்தத் துரைசாணிக்கு சவாரி?"

"வீட்டுத் துரைசாணிதான் லா."

எனக்கோ முன்னால், அப்பா பக்கத்தில், ஒரு தடவையாவது உட்கார வேண்டும். கேட்டால் சிரிப்பார். "முன் சீட்டுல பியூனும் நாயும்தான் உக்காருவாங்க. என் மக ஏன் உக்காரணும்?"

எனக்குப் பத்து வயது. ஒரு ஞாயிறு காலை, தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டில் இருந்துவிட்டார். அப்பாவும் நானும் மட்டும் மாரியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். என் மடியில் தேங்காய் பழத் தட்டு. வழியில், கியரில் இருந்த அப்பாவின் இடது கை இரண்டு முறை நெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது. பின்னால் இருந்த எனக்கு அவர் முகம் தெரியவில்லை; கழுத்தும் வியர்வையில் நனைந்த காலரும்தான் தெரிந்தன. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஓரமாக, ஒழுங்காக நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார்.

நான் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பூ விற்பவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன பாப்பா, ரொம்ப நேரமா உள்ளயே இருக்க? அப்பா தூங்குறாரா?"

"அப்பா வந்து கதவைத் திறப்பாங்க" என்றேன்.

பூக்காரர்தான் திறந்தார். பிறகு முன் கதவையும் திறந்தார். கூட்டம் கூடியது. யாரோ என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் அழுததாக நினைவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் தம்பி மகன் என்னைச் செங்காங் பக்கம் கூட்டிப்போனான். அதே மாதிரிக் கார் ஒன்றைப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருந்தார்கள். நிறம்தான் வேறு. சீட்டில் புதுத் தோல் வாசனை. "அத்தை, முன்னால உக்காந்து பாருங்க" என்றான். அதற்குள் நான் பின்னால் ஏறியிருந்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டு விலை கேட்கப் போனான். எனக்கு எதிரே காலியான டிரைவர் சீட்டு.

திரும்பி வந்தவன் கண்ணாடிக்கு வெளியே குனிந்து பார்த்தான்.

"இன்னும் உள்ளயே இருக்கீங்களா? கைப்பிடி அங்கதான் இருக்கு அத்தை. சும்மா இழுத்தா திறந்துக்கும்."

"தெரியும்" என்றேன்.