சட்டையில் ஓடிய ரயில் பாதை

பழைய சாமான் கடையில் இன்று ஒரு வரைபடத்தைப் பிரித்தேன். துணியில் ஊறிய கஞ்சி வாசனை எழுந்ததும் கழுத்து வியர்த்துவிட்டது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரில் இருந்தோம். அப்பா நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவர். வரைபடம் வைத்திருப்பவன் உளவாளி என்று அறிவித்திருந்தார்கள். அப்பாவோ, தம்பின் ஊருக்குப் போகும் ரயில் பாதையையும் அதையொட்டிய கால்வாயையும் கஞ்சியிட்ட மெல்லிய துணியில் மூன்று மாதம் அளவுகோலோடு உட்கார்ந்து வரைந்ததைக் காலி அரிசிப் பானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

“தண்டவாளத்தையே பேத்து சயாமுக்குக் கொண்டு போயிட்டான். இதையுமா குடுக்கணும்?” என்றார், அம்மா அதை அழிக்கச் சொன்னபோது.

“ஒங்களையும் கொண்டு போவான். எம்புள்ளைக்கு மாத்துச் சட்டையில்ல, படம் என்னாத்துக்கு?” என்று அம்மா அதை வெந்நீரில் போட்டாள்.

கஞ்சி கரைந்தது, ஊர்ப் பெயர்கள் கரைந்தன, குன்றுகளின் சுழிகள் கரைந்தன. அப்பா அழுத்தி இழுத்த ரயில் பாதையும் கால்வாயும் மட்டும், எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாமல், அம்மா தைத்த சட்டையில் என் முதுகின் குறுக்கே மங்கலாக ஓடின.

அப்பாவோடு கிழங்கு வாங்கப் போகும்போதெல்லாம், செங் சாலைக் காவல்சாவடியில் ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணங்கும்போது, என் முதுகு எரியும். ஒருநாள் பூட்ஸ் சத்தம் எனக்குப் பின்னால் வந்து நின்றது. காவல்காரன் துப்பாக்கி நுனியால் என் முதுகில் ஓடிய கோட்டைத் தொட்டு, மலாயில் என்னவென்று கேட்டான்.

குனிந்தபடியே அப்பா சொன்னார்: “மகள் கிறுக்கினது, துவான். இவளுக்குக் கோடு போடத் தெரியாது.”

அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். வீடு வரும்வரை அப்பா நிமிரவேயில்லை.