மஞ்சள் கோட்டில் நின்றவர்

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து குடித்த என் மனைவி, கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் தனியறையில் இருந்தாள். எனக்கு உள்ளே அனுமதியில்லை. உடம்பில் மிச்சமிருக்கும் கதிர்வீச்சை அளக்கும் நரைமீசைக்காரர் மட்டும் தினமும் போவார். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டில் நின்று மீட்டரை நீட்டுவார்.

“ஏனுங்க அம்மணி, இன்னைக்கு எவ்வளவு மின்னறீங்கன்னு பாக்கலாமுங்களா?” என்று தவறாமல் கேட்பார். அவள் சிரிப்பது வெளியே கேட்கும். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து வருடங்களாயிற்று. எனக்கு வயிறெரிந்தது.

கடைசி நாள் அவளை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் என்னிடம், “இன்னும் ஒரு வாரத்துக்கு அம்மணிகிட்ட எட்டி நின்னே பேசுங்க,” என்றார்.

“இவரு பேசுனாத்தானுங்களே!” என்றாள் அவள்.

வீட்டில் அறைவாசலில் நின்று அவருடைய கேள்வியையே நானும் கேட்டேன்.

“அவரு கேட்டாத்தானுங்க நல்லாருக்குது,” என்று திரும்பிப் படுத்தாள்.

அவர்மேல் இன்றும் பொறாமைதான். பக்கத்திலேயே இருந்த காலமெல்லாம் அவளிடம் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை.