மெத்தைக்கு அடியில் இரும்பு

என் குழந்தையின் மெத்தைக்கு அடியில் அம்மா ஒரு கத்தியை வைத்தார். பச்சைப் பிள்ளை படுக்கும் இடத்தில் இரும்பு இருந்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். சமையல் கத்தி ஆகாதாம். ஜாலான் புசார் வரைக்கும் போய், இரும்புக்கடையில் புதிதாக ஒரு சின்னக் கத்தி வாங்கி, மஞ்சள் தடவித் துணியில் சுற்றிக்கொண்டு செங்காங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள், நல்ல பகல் வெளிச்சத்தில் மகளுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கத்தி என் கையில் இருப்பதாக மனதில் ஒரு காட்சி. கையில் ஒன்றுமே இல்லை, நாப்பித் துணிதான் இருந்தது. கண்ணை மூடினேன், இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

அன்றிலிருந்து என்னைக் கண்டால் எனக்கே பயம். கத்தியைக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா தேடி எடுத்துத் திரும்ப வைத்தார். மறுபடி ஒளித்தேன், மறுபடி வைத்தார். "என்னடி இது? பிள்ளைக்கு ஏதாச்சும் வந்து அண்டுனா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார். அண்டவிடாமல் தடுக்க வேண்டியது என்னைத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என்னவோ பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதற்கு, ஜூரோங்கில் வேலை பார்க்கும் கணவர் போனில், "டயர்டா இருப்பே லா, கொஞ்சம் தூங்கு" என்றார். தூக்கமாம்! உள்ளதைச் சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? மகளைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். பாலைக்கூடப் புட்டியில் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

தடுப்பூசிக்குப் போன அன்று பாலிகிளினிக்கில் ஒரு படிவம் தந்தார்கள். பெற்றவள் மனது எப்படி இருக்கிறது என்று கேட்கும் கேள்விகள். பக்கத்தில் அம்மா. "எல்லாம் நல்லாருக்குன்னு போடு. சீக்கிரம் முடிஞ்சா தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டுப் போயிரலாம்." அப்படியே போட்டேன்.

உள்ளே இருந்த டாக்டர் தமிழ்ப்பெண், என் வயதுதான் இருக்கும். படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, "வந்ததிலேர்ந்து பிள்ளைய நீங்க தொடவே இல்லையே, ஏன்?" என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன், கத்தி உட்பட. அம்மாவின் முகம் வெளிறியது. மடியில் இருந்த மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு, நாற்காலியை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டார். அந்த ஒரு சாணை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

டாக்டர் நிறையக் கேட்டார். அப்படிச் செய்யத் தோன்றுகிறதா, யாரோ செய்யச் சொல்வது போலக் குரல் கேட்கிறதா என்றெல்லாம்.

"ஐயோ, இல்ல டாக்டர். செஞ்சிடுவேனோன்னுதான் உயிரே போகுது."

"பிள்ளை பெத்த நிறைய பேருக்கு இந்த மாதிரி நினைப்பு வரும், யாரும் வெளிய சொல்றதில்ல. இதுக்கு சிகிச்சை இருக்கு."

நான் எதையும் நம்பவில்லை. யாரையாவது கூப்பிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிவிடுவாரோ என்று, அவருடைய கை போனை எடுக்கப் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மகள் பசியில் வீறிட்டாள். அம்மா பையில் புட்டியைத் துழாவினார்.

"அம்மா, பிள்ளைய அவங்ககிட்ட குடுங்க" என்றார் டாக்டர்.

அம்மா அசையவில்லை. அம்மா என் கைகளையே பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"பயமா இருக்கும்மா" என்றேன்.

"எனக்கும்தான்டி" என்றார் அம்மா. "இந்தா, புடி."