எண் போடாத அடுப்பு

இந்த வயதில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்வந்துவிட்டேன்.

அப்போது பட்டணத்துக்குள் ஆரியசாலைப் பக்கம் குடியிருந்தேன், பள்ளிக்கூட வாத்தியார். ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, மேற்கே கடலோரத்தில் மீன்பிடிப்பவர்களின் குடிசைகளை என் பொறுப்பில் விட்டார்கள். தனி அடுப்பு எரிந்தால் தனி வீடு, கதவில் தாரால் எண் போட வேண்டும் என்பது விதி. அங்கே கதவு ஏது? ஓலைத் தட்டிதான். முன்தூணில் எண்ணை எழுதிக்கொண்டு போனேன்.

உள்ளே போய் அடுப்பைப் பார்த்திருக்க வேண்டும். போனாலோ அவர்கள் மேல் பட்டாலோ குளிக்காமல் வீடு ஏறக்கூடாது என்பது எங்கள் சாதி வழக்கம். அந்த ஒரு குளியலுக்குச் சோம்பி, மணலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன்.

ஒரு குடிசையின் பின்னால் ஒட்டுச்சாய்ப்பிலிருந்து புகை வந்தது.

"அது யாரு?" என்று குடிசைக்காரனைக் கேட்டேன்.

"அண்ணன் பெண்சாதி, சாரே. அண்ணன் கடலில் போன பின்னே தனியா கஞ்சி வைச்சுக் குடிக்குது. வந்து பாரும்."

"ஒரே கூரைதானே" என்று அவளையும் அவன் எண்ணிலேயே சேர்த்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கடல் ஏறி அந்த வரிசையையே கொண்டுபோயிற்று. கரையிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணுக்கு ஒரு மனை கொடுக்க அதிகாரி வந்தார். அடையாளம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒட்டுச்சாய்ப்பில் இருந்தவள் ஒரு கரிச்சட்டியோடு முன்னால் வந்து நின்றாள்.

"என் அடுப்பு தனியல்லோ, சாரே! புகையைக் கண்டீரே!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "தனி அடுப்பு இருந்ததா?"

ஆம் என்றால், ஏன் எழுதவில்லை என்பார். ஒரு குடிசைக்குள்ளும் நான் நுழையாதது வெளியே வரும்.

"இல்லை" என்றேன்.

"வாத்தியார் சாரு உள்ளே வந்தாலல்லோ அடுப்பு தெரியும்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கடலுக்கே தெரிஞ்சுது, சாரே. தேடி வந்து எடுத்துட்டுப் போச்சு" என்றாள்.

மனை கொழுந்தனுக்குப் போயிற்று. அவனுக்கு ஆறு பிள்ளைகள். இவளுக்கு அங்கே இடமில்லை. சட்டியோடு தெற்கே கரையோரமாக நடந்து போனதாகச் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று அந்தக் கூட்டத்தில் இடிபட்டிருந்தேன். அதனால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீடு ஏறினேன்.